முன்கூட்டியே சொல்லிவிட்ட நன்றி

ரோசம்மாவைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் அவள் வைக்கும் மீன் குழம்பைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு அவளை நினைத்தால் முதலில் கோபம்தான் வரும். அவள் மேல் இல்லை. யார் மேலும் கோபப்படாமல் இருக்கிறாளே, அதன் மேல். அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. எழுபது வயதில், காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று இரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டு.

எங்கள் பிளாக் சிங்கப்பூரில், தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கிறது. பழைய அடுக்குமாடி பிளாக். அந்தக் காலத்தில் கட்டிய பிளாக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எங்களுடையது கீழே ஒரு தடவை, ஐந்தாம் மாடியில் ஒரு தடவை, ஒன்பதாம் மாடியில் ஒரு தடவை நிற்கும். மற்ற மாடிக்காரர்கள் ஏறியோ இறங்கியோ போய்க்கொள்ள வேண்டும். சுற்றியிருக்கும் பிளாக்குகளில் இதை எப்போதோ மாற்றிவிட்டார்கள். எங்களுடையதற்கு மட்டும் கட்டட அமைப்பு சரியில்லை, வீடுகளும் குறைவு, செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள்.

நான் ஐந்தாம் மாடி. லிஃப்ட் என் வாசலுக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். ரோசம்மா நான்காம் மாடி. அவள் வீட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரே ஒரு படிக்கட்டு. பிள்ளைகள் இரண்டு இரண்டாகத் தாவி இறங்கும் படிக்கட்டு. அவளுடைய கணவர் ஜேசுதாசன் அதைத் தாண்ட முடியாமல்தான் இத்தனை வருஷமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறார்.

ரோசம்மா தஞ்சோங் பகாரில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவள் கட்டிக்கொண்டதும் துறைமுகத்துக்காரரைத்தான். கப்பலில் கண்டெய்னர்கள் சரியாமல் இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டும் வேலை அவருக்கு. இரண்டு பேரும் சம்பாதித்தார்கள். அவள் ஒரு பாலர் பள்ளியில் சமையல்காரி. உப்பில்லாத, காரமில்லாத சாப்பாட்டைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடும்படி சமைக்கிறாள் என்றால் கெட்டிக்காரிதான். ஒரே மகன் எலைஜா. படித்தான், பெர்த்துக்குப் போனான், அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் முகம் காட்டுவான்.

ஜேசுதாசன் வாய்க்காரர். மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்கு வாசகம் வாசிப்பவர். நான் சைவக்காரி, யாழ்ப்பாணத்து வம்சம், கோயில் வேறு. இருந்தாலும் ஒருமுறை அவர்கள் திருவிழாவுக்குப் போயிருக்கிறேன். மைக் இல்லாமலேயே கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும் குரல். அந்தக் குரலைக் கேட்டு, இவர் துறைமுகத்தில் என்ன செய்கிறார், ரேடியோவுக்குப் போகாமல், என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சர்க்கரை அவருடைய வலது காலை வாங்கிக்கொண்டது. இடது காலில் பலமில்லை. ஆளோ நல்ல கனம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் ரோசம்மா தனியாக அவரை அந்தப் படிக்கட்டில் ஏற்ற முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் வண்டிக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி கொண்டுவந்து தூக்கிப் போவார்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். கோயிலுக்குப் போகணும், தேக்காவில் நுரை பொங்க ஆற்றிய தே தாரே குடிக்கணும் என்றால் வருவார்களா?

அதற்குத்தான் அற்புதராஜ் இருந்தார். அவர்கள் கோயிலில் பக்கத்து பிளாக்குகளைச் சேர்த்து ஒரு ஜெபக் குழு வைத்திருப்பார்கள், அன்பியம் என்று பெயர். அற்புதராஜ் அதற்குத் தலைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலையில் இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். நாற்காலியோடு ஜேசுதாசனைத் தூக்கி ஒரு படிக்கட்டு ஏற்றி என் மாடிக்குக் கொண்டுவருவார்கள். நான் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். “கண்டெய்னர் ஏறுது, ஓரமா நில்லுங்கக்கா” என்பார் ஜேசுதாசன். ஒவ்வொரு வாரமும் அதே நகைச்சுவை. நானும் ஒவ்வொரு வாரமும் சிரிப்பேன். பூசை முடிந்து தேக்கா சென்டரில் உட்கார்ந்து, பழைய துறைமுகக் கூட்டாளிகளோடு வம்பளந்துவிட்டு, மத்தியானம் அதே வழியில் திரும்பி வருவார். வாரம் முழுக்க அந்த ஒரு காலை நேரத்தைச் சொல்லிச் சொல்லியே ஓட்டிவிடுவார்.

ஆனாலும் எத்தனை நாளைக்கு அடுத்தவர் தோளை நம்புவது? ரோசம்மா வீடு பார்த்தாள். கேலாங் ஈஸ்ட்டில், சிவன் கோயில் பக்கம், ஒரு வீடு அமைந்தது. எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கும் பிளாக். வீட்டுக்காரர் நல்ல மனிதர், விலை படிந்துவிட்டது, கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி. தேக்காவை விட்டுப் போக ஜேசுதாசனுக்கு மனசில்லை. என்றாலும் ஒத்துக்கொண்டார். சிவன் கோயில் மணி அடித்தால் மாதா கோயில் மணி என்று நினைத்துக்கொள்வதாகச் சொல்லி என்னைச் சீண்டினார்.

அப்போதுதான் தேர்தல் வந்தது. கொரோனா வருஷம். எல்லாரும் முகக்கவசத்தோடு திரிந்த காலம். மேடை இல்லை, கூட்டம் இல்லை, வேட்பாளர்கள் வீடு வீடாக வந்தார்கள். எங்கள் தொகுதியில் நின்றவருக்குப் பெயர் உண்டு, கட்சி உண்டு, இரண்டையும் நான் எழுதப் போவதில்லை. எழுதினால் சண்டை அதைப் பற்றியதாகிவிடும். நடுத்தர வயது, ஒல்லி, வெள்ளைக் கான்வாஸ் காலணி. முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன.

நான் அன்று ரோசம்மா வீட்டில்தான் இருந்தேன். அவர் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று வணக்கம் ஆன்ட்டி என்று தமிழில் சொன்னார். மீதியெல்லாம் இங்கிலீஷ். உள்ளே சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். பிறகு சட்டென்று வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்தார், ஜேசுதாசன் கண்ணுக்கு நேராக வரும்படி. எத்தனை நாளாக வெளியே போகவில்லை என்று கேட்டார். கோயில் மூடியதிலிருந்து என்று இவர் சொன்னார். இரண்டு வருஷம் கொடுங்கள், லிஃப்ட் உங்கள் மாடியில் நிற்கும், இது என் வாக்கு என்றார் அவர். பின்னால் நின்ற தொண்டர்கள் கைதட்டினார்கள். அவர் கொடுத்த தாளிலும் அதே வாக்கு நான்கு மொழியில் அச்சடித்திருந்தது.

அன்று சாயங்காலமே ரோசம்மா கேலாங் வீட்டுக்காரருக்கு போன் போட்டு, வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். தேர்தலாவது முடியட்டுமே, அவர் ஜெயிக்கிறாரா என்றாவது பார்ப்போமே என்றேன்.

“முட்டி போட்டு உக்காந்து சொன்னாருக்கா” என்றாள். “பொய் சொல்றவங்க அப்படி உக்கார மாட்டாங்க.”

அரசாங்க ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் கிளார்க்காக இருந்தவள் நான். எத்தனை பேர் எத்தனை விதமாக உட்கார்ந்து பொய் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜேசுதாசன் முகத்தைப் பார்த்துவிட்டு அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அவர் ஜெயித்தார். கொஞ்ச நாளில் கோயிலும் திறந்தது. முதலில் குறைந்த ஆட்கள், முன்பதிவு, இடைவெளி விட்டு உட்கார வேண்டும், மீதிப் பேருக்கு யூடியூபில் பூசை. இந்தச் சமயத்தில்தான் ஜேசுதாசனுக்கு அந்த யோசனை வந்தது. லிஃப்டுக்காக ஒரு நன்றிப் பூசை வைக்க வேண்டும் என்றார். லிஃப்ட் இன்னும் வரவில்லையே என்று ரோசம்மா கேட்டதற்கு, வந்த பிறகு நன்றி சொல்வதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், வருவதற்கு முன்னால் சொன்னால்தான் விசுவாசம் என்றார். அவர்கள் ஆட்களிடம் அந்த நம்பிக்கை உண்டு. கேட்டதைக் கிடைத்துவிட்டதாகவே எண்ணி நன்றி சொல்ல வேண்டும், சந்தேகப்பட்டுச் சொன்னால் பலிக்காது.

அதனால் ரோசம்மா கோயிலுக்குப் போய்ப் பூசைக்கு எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை ஆரம்பிக்கும்போது, எங்கள் மாடிக்கு லிஃப்ட் தந்த இறைவனுக்கு நன்றி, ஜேசுதாசன் ரோசம்மா குடும்பத்தார் என்று வாசித்தார்கள். கோயிலில் இருந்தவர்களும் கேட்டார்கள், வீட்டில் யூடியூப் பார்த்தவர்களும் கேட்டார்கள். ஜேசுதாசன் தன் பெயரை டிவியில் கேட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அற்புதராஜ் போன் செய்து வாழ்த்தினார். ரோசம்மா நன்றிண்ணே என்றாள்.

இப்போது புரிகிறதா? கோயில் முழுசாகத் திறந்து, பழையபடி எல்லாரும் போகத் தொடங்கியபோது, ஞாயிறு காலையில் அந்த நாலு பேர் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? லிஃப்ட்தான் வந்துவிட்டதே, ரோசம்மா ஒரு கையால் தள்ளிக்கொண்டு வந்துவிடுவாளே. நடுவில் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகக்கூடாது என்றிருந்ததில் வந்து பார்க்கும் பழக்கமும் விட்டுப் போயிருந்தது. அற்புதராஜ் வேறொரு வீட்டில் படுத்துக் கிடந்த பெரியவரைத் தூக்கப் போய்விட்டார்.

லிஃப்ட் விஷயம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் அளவெடுக்க ஆட்கள் வந்தார்கள். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். ரோசம்மா அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இரண்டு வருஷம் போயிற்று. கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் போட்டு எம்.பி. பேசினார். தொற்றுக்காக அரசாங்கம் நிறையச் செலவு செய்துவிட்டது, இனி ஒவ்வொரு வெள்ளியையும் யோசித்துச் செலவழிக்க வேண்டும், இந்த பிளாக்குக்கு லிஃப்ட் போட்டால் ஒரு வீட்டுக்கு ஆகும் செலவு ரொம்ப அதிகம் என்று பூசி மெழுகினார். வாக்கு என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. விருப்பம் என்றார், திட்டம் என்றார், காலம் என்றார்.

அதே வருஷம் எங்கள் பிளாக்கின் பக்கச் சுவர் முழுக்கப் பெரிய ஓவியம் வரைந்தார்கள். மல்லிகைச் சரம், மாட்டு வண்டி, பால்காரர். எங்கிருந்தோ ஒரு மேளக்காரர் வேறு. திறப்பு விழாவுக்கு அதே எம்.பி. வந்தார். லிஃப்டுக்கு இல்லாத காசு மாட்டு வண்டிக்கு எங்கிருந்து வந்தது என்று நான் ஓர் ஆளிடம் கேட்டேன். அது வேறு கணக்கு மேடம் என்றார். கொதித்துப் போய் வீட்டுக்கு வந்து மாத்திரை போட்டேன்.

ரோசம்மா சண்டை போடவில்லை. மக்கள் சந்திப்பு நாளில் போய் உட்கார்ந்து, முறை வந்ததும் எம்.பி.யிடம் கேட்டாள். கவனத்தில் வைத்திருக்கிறோம் என்றார். சரி சார் என்று எழுந்து வந்துவிட்டாள். பிறகு கேலாங் வீட்டுக்காரருக்கு போன் போட்டிருக்கிறாள். அந்த வீடு எப்போதோ கைமாறிவிட்டது. மற்ற வீடுகளின் விலையோ அவள் நினைத்துப் பார்க்க முடியாத உயரத்துக்குப் போய்விட்டது. அதையும் என்னிடம் அரிசி விலை சொல்வது போலச் சொன்னாள். அழுதிருந்தால் நானும் கூட அழுதிருப்பேன். கத்தியிருந்தால் சேர்ந்து கத்தியிருப்பேன். கீரையை ஆய்ந்துகொண்டே சொல்லி முடித்து, தண்டைத் தனியாக எடுத்து வைத்தாள்.

கோயிலில் உண்மையைச் சொல்லேன், அவர்கள் வந்து தூக்கிப் போவார்களே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒருநாள்தான் பதில் சொன்னாள்.

“மாதா முன்னாடி நன்றி சொல்லியாச்சுக்கா. இப்பப் போய் லிஃப்ட் வரலன்னு சொன்னா, பொய் சொன்னது யாரு? எம்.பி.யா? கோயில்ல படிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தானே.”

பொய் சொன்னவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்தப் பொய்யை நம்பியவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். நான் எங்கள் ஆபீஸில் கூட இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை.

கோயில்காரர்கள் எங்கேயாவது பார்த்துக் கேட்டால், சனிக்கிழமை சாயங்காலம் வேறு கோயிலில் இங்கிலீஷ் பூசைக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுவாள். அவளும் தமிழ்ப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போனால் அவர் எங்கே என்று கேட்பார்களே. ஞாயிறு காலையில் வீட்டில் இருக்கவும் முடியவில்லை போல. ஒரு கேட்டரிங் சமையலறையில் காய் நறுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பிவிடுவாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு நானே பிளாக்கைக் கூட்டும் பங்களாதேஷ் பையன்கள் இரண்டு பேரிடம் பேசி வைத்தேன். தூக்கிவிடுகிறோம் அம்மா என்றார்கள். ஜேசுதாசன்தான் வேண்டாம் என்றார். லிஃப்ட் எப்படியிருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டார். அவருடைய சத்தமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தது. முன்பெல்லாம் அவர் தும்மினால் என் வீட்டில் கேட்கும். இப்போது கீழே ஆள் இருப்பதே தெரியவில்லை.

அடுத்த தேர்தல் வந்தது. முகக்கவசம் இல்லாத தேர்தல். ஒரு மாலையில் ரோசம்மாவுக்குத் தோசை மாவு கொடுக்கப் போயிருந்தேன். படிக்கட்டில் திமுதிமுவென்று சத்தம். ஒரே நிறச் சட்டையில் தொண்டர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், வாட்டசாட்டமான பையன்கள். நடுவில் வெள்ளைக் கான்வாஸ் காலணி.

ரோசம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. கீழ்த்தளக் கூட்டத்திலும் மக்கள் சந்திப்பிலும் கூட முகக்கவசத்தோடுதான் பார்த்திருக்கிறாள். வாழ்க்கையைத் தலைகீழாக்கிய மனிதருடைய மூக்கையும் வாயையும் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். நான் அவள் காதில் சொன்னேன். அப்படியா என்றாள், அவ்வளவுதான்.

அவரும் இவர்களை மறந்துவிட்டார். உள்ளே சக்கர நாற்காலியைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். வாசலில் முட்டி போட்டு உட்கார்ந்தார். போன தடவை நிலைமை சரியில்லை, நிதி இறுகிப் போயிற்று, நான் போராடிப் பார்த்தேன், இந்த முறை செலவுத் திட்டத்திலேயே சேர்த்தாகிவிட்டது, லிஃப்ட் நிச்சயம் என்றார். ஜேசுதாசன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எம்.பி.யைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் ரோசம்மா பேசினாள். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், தமிழையும் கலந்து.

“லிஃப்ட் வேணாம் சார். இந்தப் பசங்கள்ல நாலு பேர் மட்டும் குடுங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை இவரை மேல தூக்கி விட்டா போதும். ஒரே ஒரு வாரம் லா, சார்.”

அவர் சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கவனித்து அவரும் நிறுத்தினார். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் வருகிறேன் என்பது போல அரை அடி முன்னால் வந்தான். தாள் கட்டு வைத்திருந்த ஒரு தொண்டர் பெண், எம்.பி.யின் காதில் ஏதோ சொன்னாள். பிரச்சார நேரத்தில் இதெல்லாம் செய்தால் தவறாகப் பேசுவார்கள், விழுந்தால் பொறுப்பு யார் என்பதும் இருக்கிறது, தேர்தல் முடியட்டும் ஆன்ட்டி, கண்டிப்பாக ஏற்பாடு செய்கிறோம் என்றார் அவர். பெண் குறித்துக்கொண்டாள். கும்பல் அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

மாடிக்கணக்கில் கான்க்ரீட்டை உடைத்து லிஃப்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் போதும். நாலு பையன்களை ஒரு படிக்கட்டு ஏறச் சொல்ல அவரால் முடியவில்லை. எனக்கு ஆத்திரம் தாளவில்லை. ரோசம்மா மாவுப் பாத்திரத்தைக் கழுவி என் கையில் கொடுத்தாள்.

அன்று இரவே நான் மாதா கோயிலுக்குப் போனேன். ரகசியத்தை உடைக்கிறோமே என்றெல்லாம் நினைக்கவில்லை. அற்புதராஜ் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நன்றிப் பூசை, வராத லிஃப்ட், சனிக்கிழமைப் பொய், எல்லாம். அவர் புத்தகங்களை அப்படியே வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“வந்துடுச்சுன்னுதானே நாங்க நிறுத்தினோம்” என்றார். “அஞ்சு வருஷமாவா?”

திரும்பி வந்து ரோசம்மாவிடம் நானே சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லிட்டீங்களா, சரிக்கா என்றாள். ஆனால் கேட்டரிங்காரர்களுக்கு போன் போட்டு ஞாயிறு வரவில்லை என்று சொன்னாள். சனிக்கிழமை நான் கீழே போனபோது அவள் ஜேசுதாசனுடைய நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காலரை இரண்டு தடவை தேய்த்தாள். அவளுடைய புடவை ஒன்றும் மடித்து வைத்திருந்தது. அவள் முகத்தில் ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஞாயிறு காலை அற்புதராஜும் மூன்று பேரும் வந்தார்கள். பழைய ஆட்களில் ஒருவர் இறந்துவிட்டார், அவருக்குப் பதிலாக ஜோனா என்று அவருடைய தம்பி. நான் லிஃப்ட் கதவைப் பிடிக்க ஆள் வைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அற்புதராஜ் ஜேசுதாசன் முன்னால் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜேசுதாசன் அவர் கையைத் தட்டிக் கொடுத்தார். ஜேசுதாசன் இன்னும் பனியனோடுதான் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை நாற்காலியின் முதுகில் தொங்கியது. ரோசம்மா புடவை கட்டித் தயாராக நின்றாள்.

சட்டையைப் போடுங்கள், நேரமாகிறது என்றாள்.

“நான் வரலம்மா” என்றார்.

கோபமா அண்ணே என்று அற்புதராஜ் கேட்டார். நாங்கள் செய்தது தப்புதான், திட்டுங்கள், ஆனால் வாருங்கள் என்று கெஞ்சினார். ஜேசுதாசன் இல்லையென்று தலையாட்டினார். பிறகு பேசினார்; அவ்வளவு பேச்சை அவர் பேசி நான் கேட்டு வருஷங்களாகிவிட்டன. குரல் மட்டும் பழைய குரல் இல்லை.

“கோபமெல்லாம் இல்லப்பா. மொதல்ல, ஞாயித்துக்கிழமை வந்தா இவ வேலைக்குப் போனதும் நானே சட்டையைப் போட்டுக்குவேன். யாராச்சும் சும்மா பாக்க வருவீங்க, வந்தா அப்படியே தூக்கிட்டுப் போயிடுவீங்கன்னு. இவ வர்றதுக்குள்ள கழட்டி மாட்டிடுவேன். ரொம்ப நாள் அப்படித்தான். அப்புறம் போடறது நின்னு போச்சு. எப்ப நின்னுச்சுன்னு கூடத் தெரியல. இப்ப எனக்கு ஞாயித்துக்கிழமை வர்றதே தெரியறதில்ல.”

டிவியில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள்.

ரோசம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தச் சட்டை விஷயம் அவளுக்குத் தெரியாது. தான் காய் நறுக்கிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிறும் வீட்டில் ஒரு மனிதர் சட்டை போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அவள் அழவில்லை. நான்தான் சமையலறைக்குள் போய் மூக்கைச் சிந்தினேன்.

நீயாவது போயிட்டு வா ரோசா என்று அவர் சொன்னார். அவள் சட்டையை எடுத்து ஹேங்கரில் மாட்டி அலமாரியில் வைத்தாள். அறைக்குள் போய்ப் புடவையை மாற்றிவிட்டு வீட்டு உடுப்போடு வந்து அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். நாலு பேருக்கும் பிஸ்கட் வைத்தாள். அவர்கள் மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தார்கள். பூசைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, யாரும் அதைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அற்புதராஜ் மறுபடியும் குனிந்து, “அடுத்த ஞாயிறு வரட்டுமாண்ணே?” என்று கேட்டார்.

ஜேசுதாசன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“எதுக்குப்பா?” என்றார்.

குத்தலாகக் கேட்கவில்லை. அவரைப் பல வருஷமாக எனக்குத் தெரியும், குத்திப் பேசினால் கண் சிரிக்கும். அந்தக் கண்ணில் ஒன்றுமே இல்லை. எதற்கு என்று தெரியாமல்தான் கேட்டார். அற்புதராஜ் சும்மா பேசிட்டுப் போக வரோம் என்று ஏதோ சொன்னார். நாலு பேரும் வெறுங்கையோடு ஒரு படிக்கட்டு ஏறி என் மாடிக்குப் போய் லிஃப்டில் இறங்கிப் போனார்கள்.